தேவதைக் கலரிங் புத்தகம் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யுங்கள்

எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி அறையில் ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வண்ணம் தீட்டுகிறோம். முதலில் ஒருவர் தேவதைப் படங்கள் நிறைந்த ஒரு கலரிங் புத்தகம் வாங்கி வந்தார். காளான் வீடு, பனித்துளி, தும்பி இறக்கை, இடுப்பு வரை புரளும் கூந்தல். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த மாதமே எல்லார் மடியிலும் அதே புத்தகம், எல்லாருக்கும் அதே கோளாறுகள். பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்த நான் எப்படியோ ரிப்பேர்காரி ஆகிவிட்டேன்.

உங்கள் பக்கத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், காசு கேட்கும் வழி கடைசியில். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: "எனக்குக் கை வராதுங்க" என்று புத்தகத்தை மூடியவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு கையில் இல்லை, தாளில் இருந்தது.

## பின்பக்கத்தில் நிறம் தெரிகிறது

முதலில் தாளைத் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்காமல், மேசைமேல் படுக்கவைத்துப் பாருங்கள்.

நிழல்போல மங்கலாகத்தான் தெரிகிறது என்றால் மை ஊறவில்லை, தாள் மெலிது, அவ்வளவுதான். அடியில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகினால் கண்ணுக்கு உறுத்தாது. வேறெதுவும் செய்ய வேண்டாம்.

புள்ளி புள்ளியாக நிறமே வந்திருக்கிறது என்றால் எதால் தீட்டினீர்கள் என்று பாருங்கள். மூடியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாடை அடிக்கிற மார்க்கரா? அது ஆல்கஹால் மை. சாதாரணத் தாள் எதுவானாலும் ஊறும், நீங்கள் எவ்வளவு மெல்லத் தீட்டினாலும் ஊறும். தண்ணீர் மை கொண்ட ஸ்கெட்ச் பேனா என்றால் ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை தேய்த்திருப்பீர்கள். ஒரு தடவையோடு நிறுத்தி, காயவிட்டு, பிறகு மேலே போங்கள்.

இனி வராமல் இருக்க, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டம் போட்டு உங்களிடம் உள்ள ஒவ்வொரு பேனாவையும் தேய்த்து, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். எது ஊறுகிறது, எது நிற்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். தீட்டும் பக்கத்துக்கு அடியில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைச் செருகுங்கள். பளபளப்பான பத்திரிகை வேண்டாம். அது மையை உறிஞ்சாது, மை பக்கவாட்டில் பரவும். சொரசொரப்பான அட்டைதான் நல்லது.

தாளின் இரண்டு பக்கமும் படம் அச்சிட்ட புத்தகமா? மார்க்கர்தான் வேண்டுமென்றால் ஒரு படத்தைத் தியாகம் செய்தே ஆகவேண்டும். எங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம் காளான் வீடு, மறுபக்கம் குளத்தில் கால் நனைக்கும் தேவதை. எதை விடுவது என்று ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை.

விட மனசில்லாதவர்கள் ஜெராக்ஸ் கடைக்குப் போகலாம். அங்கே வழக்கமாக ஓடும் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு). நமக்கு வேண்டியது அதைப்போல இரண்டு மடங்கு கனம், 160க்கு மேல். சென்னையில் இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கனத் தாள் வாங்கிக்கொண்டு, "அண்ணா, இந்தத் தாள் உங்க மெஷின்ல போகுமா?" என்று கடையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சிக்கினால் அவருக்கும் கோபம், நமக்கும் நஷ்டம். வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்த நகலின் கறுப்புக் கோடு தண்ணீர் மை பட்டால் பெரும்பாலும் கசியும். ஓரத்தில் சோதித்த பிறகே இறங்குங்கள். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை உங்களுக்காக நகலெடுப்பதோடு நிறுத்துங்கள். ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வரைந்தவர் வயிற்றில் அடிப்பதாகும்.

## நிறம் ஏற மறுக்கிறது, மேலே வெள்ளைப் புகை படிகிறது

இரண்டும் வேறு வேறு கோளாறு. டிஷ்யூவால் மெல்லத் துடைத்துப் பாருங்கள்.

புகை டிஷ்யூவில் வந்துவிட்டது என்றால் அது மெழுகு. மெழுகு கலந்த பென்சிலை அழுத்தித் தீட்டிய பக்கத்தில் சில நாள், சில வாரம் கழித்து மெழுகு மேலே எழும்பிப் பூஞ்சை போலத் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. துடைத்தால் போய்விடும், திரும்பவும் வரலாம். நிரந்தரமாகத் தடுக்க ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரேயைக் காற்றோட்டமான இடத்தில் மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள். தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரே போதுமென்று சிலர் சொல்வார்கள். நாளாவட்டத்தில் தாள் மஞ்சளடிக்கிறது, வேண்டாம்.

துடைத்தும் ஒன்றும் வரவில்லை, அடுத்த நிறம் வழுக்குகிறது என்றால் தாளின் சொரசொரப்பு முழுக்க அடைபட்டுவிட்டது. முதல் பூச்சையே அழுத்திப் போட்டிருப்பீர்கள். தேவதை உடுப்பில் இது அதிகம் நடக்கும். பட்டுப்போல மின்ன வேண்டும் என்ற ஆசையில் எடுத்த எடுப்பிலேயே அழுத்திவிடுகிறோம். பென்சிலைப் பின்னால் தள்ளிப் பிடித்து, அதன் கனம் மட்டும் தாளில் படும்படி நான்கைந்து பூச்சு போடுங்கள். கடைசிப் பூச்சில்தான் அழுத்தம். ஏற்கெனவே அடைபட்ட இடத்தை மழுங்கின பிளேடால் லேசாகச் சுரண்டி, மேலே ஒரே ஒரு பூச்சுக்கு இடம் எடுக்கலாம். அதற்குமேல் சுரண்டினால் தாள் பிசிறு கிளம்பும்.

நிறங்களை இழைக்கக் குழந்தை எண்ணெயைப் பட்ஸில் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றிவிட்டுத் தடவுகிற வழியும் உண்டு. மெலிந்த தாளில் எண்ணெய் வட்டம் படரும், ஓரத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அது கைவசம் இல்லை என்று சமையலறைத் தேங்காய் எண்ணெயைத் தொட்டவர் ஒருவர் இருக்கிறார். கறை, சிக்குவாடை, கடைசியில் எறும்பு. பெயர் சொல்லமாட்டேன், எங்கள் வீட்டுக்காரர்தான்.

இவையெல்லாம் செய்தும் வழுக்கினால் தாளே வழவழப்பு. அந்தப் புத்தகத்தைப் பேனாவுக்கு ஒதுக்கிவிடுங்கள். பென்சிலை மாற்றுவது கடைசிச் செலவு. மெழுகைவிட எண்ணெய் அடிப்படையிலான பென்சில் புகை படியவிடாது, ஆனால் விலை எகிறும்.

## இறக்கை அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல இருக்கிறது

இந்தப் புத்தகத்தின் முழு இன்பமும் இறக்கையில்தான். அதிகப் புகாரும் அங்கிருந்துதான் வருகிறது.

1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் எல்சி, பிரான்செஸ் என்ற இரண்டு சிறுமிகள் தோட்டத்தில் தேவதைகளோடு இருப்பதுபோலப் புகைப்படம் எடுத்தார்கள். ஷெர்லக் ஹோம்ஸை உலவவிட்ட கானன் டாயிலே அதை நம்பி 1920இல் பத்திரிகையில் எழுதினார். உண்மையில் அது அட்டையில் வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்திய படம். பாட்டிகளான பிறகு, 1983இல்தான் ஒப்புக்கொண்டார்கள். இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் எப்படி ஏமாந்தார்கள் என்று தோன்றும். இறக்கைக்குப் பின்னால் இருக்கும் செடி இறக்கை வழியே தெரியவில்லையே!

அதுதான் உங்கள் சோதனையும். இறக்கைக்குப் பின்னால் இருக்கும் இலை, இறக்கையின் ஊடே தெரிகிறதா?

தெரியவில்லை என்றால் தீட்டும் வரிசை தப்பு. எல்லாரும் தேவதையை முதலில் முடித்துவிட்டு, பின்புலத்தைக் கடைசியில் சுற்றி நிரப்புகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். பின்னாலிருக்கும் பச்சையை இறக்கைக் கோட்டுக்குள்ளும் கொண்டுபோங்கள், ஆனால் பாதி அழுத்தத்தில். அதன் மேல் இறக்கையின் நிறத்தை ஓரத்தில் மட்டும் பூசி உள்ளே வரவரக் கரையவிடுங்கள். நடுவில் தாளின் வெள்ளை கொஞ்சம் மிஞ்சவேண்டும். அந்த வெள்ளைதான் கண்ணாடி.

தெரிகிறது, ஆனாலும் மின்னவில்லை என்றால் ஒரே நிறத்தில் முடித்திருப்பீர்கள். முதல் மழை விழுந்த இரவு விளக்கடியில் மொய்க்கும் ஈசலின் இறகு ஒன்றை விரலில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் இளநீலம், திருப்பினால் ரோஜா, ஓரத்தில் தேன் நிறம். அந்த மூன்றையும் மெல்ல மெல்லப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். தும்பி இறக்கையானால் நரம்புக் கோடுகளைச் சாம்பலில் ஒரு தடவை ஓட்டினால் போதும், கறுப்பு வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு வெள்ளை ஜெல் பேனாவால் நுனியில் இரண்டு புள்ளி. மூன்றாவது புள்ளி வைக்கக் கை துறுதுறுக்கும். பேனாவை மூடி வைத்துவிடுங்கள்.

மினுக்கு மையை இறக்கை முழுக்க அப்பியவர்களுக்கு மருந்து கிடையாது. அடுத்த பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

## எல்லாத் தேவதைக்கும் ஒரே முகம், ஒரே வெளிர் நிறம்

முகம் ஒரே மாதிரி இருப்பது வரைந்தவரின் கை. புத்தகத்தின் உண்மையான குறை அது, நம்மால் முழுக்கச் சரிசெய்ய முடியாது. தோல் நிறம் நம் கையில்தான்.

ஒருநாள் பத்து வயதுப் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, ஸ்கின் கலர் பென்சில் குடுங்க" என்றாள். கொடுத்தேன். "யாரோட ஸ்கின்னும்மா?" என்று கேட்டதும் பென்சிலைத் தன் முழங்கையில் வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த என் கையில் வைத்தாள். சிரித்துவிட்டாள்.

பன்னிரண்டு பென்சில் டப்பாவே போதும். வெளிர் ஆரஞ்சில் ஒரு மெல்லிய பூச்சு, அதன் மேல் பழுப்பில் இரண்டு. நெற்றி, மூக்குத் தண்டு, கன்னமேட்டில் ஒரு பூச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். கழுத்தடி, தாடை ஓரம், முடி விழும் இடத்தில் பழுப்புக்கு அடியில் ஊதா. இருபத்துநான்கு டப்பாவில் காவி மஞ்சளும் செங்காவியும் இருந்தால் இன்னும் நன்றாக வரும். சாம்பல் பூத்தமாதிரி ஆகிவிட்டதா? நிழலுக்குக் கறுப்பைத் தொட்டிருக்கிறீர்கள். மேலே ஆரஞ்சை மறுபடி மெல்ல ஓட்டினால் ஓரளவு உயிர் வரும்.

பச்சைத் தேவதையோ நீலத் தேவதையோ வேண்டும் என்றாலும் தடையில்லை. மயிலையும் வாழைமரத்தையும் தீட்டினால் "இப்படியா இருக்கும்?" என்று ஆளாளுக்கு வருவார்கள். தேவதையை நேரில் பார்த்துவிட்டு வந்து குறை சொல்ல ஆளில்லை. நான் இந்தப் புத்தகத்தை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணமே அதுதான்.

## சீவச் சீவ முனை உடைகிறது

ஷார்ப்னரை மாற்றிப் பாருங்கள். முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும். பிளேடு மழுங்கினால் மரத்தைச் சீவாமல் முறுக்கும். பென்சிலைத் திருகாமல் அசையாமல் பிடித்து, ஷார்ப்னரைச் சுற்றுங்கள்.

புது ஷார்ப்னரிலும் உடைகிறதா? பென்சிலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுத்தண்டு மரத்தின் மையத்தில் இல்லாமல் ஒதுங்கி இருந்தால் அது தயாரிப்புக் குறை, வாங்கிய கடையில் மாற்றிக் கேளுங்கள். மையத்தில்தான் இருக்கிறது என்றால் பென்சில் எப்போதோ கீழே விழுந்து, தண்டு உள்ளேயே துண்டு துண்டாகிவிட்டது. வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் மெழுகு இளகி ஒட்டும் என்பார்கள். எனக்குச் சில பென்சிலில் பலித்தது, சிலதில் இல்லை. மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள். பென்சில் மேல் உள்ள பொன்னிற எழுத்தில் தீப்பொறி பறக்கலாம்.

## ஜெல் பேனா இழுபடுகிறது, அல்லது நடுவில் நின்றுபோகிறது

இழுபட்டால் உங்கள் உள்ளங்கைதான் குற்றவாளி. வலக்கைக்காரர் இடது மேல் மூலையிலிருந்தும், இடக்கைக்காரர் வலது மேல் மூலையிலிருந்தும் தொடங்குங்கள். கைக்கு அடியில் ஒரு டிஷ்யூ. கடற்கரை ஊர்களில் ஐப்பசி கார்த்திகையில் மை காய இரட்டை நேரம் எடுக்கும். ஃபேனைக் கூட்டினால் காயும், கூடவே பக்கமும் பறக்கும். பரீட்சை அட்டையின் கிளிப்பில் மாட்டிவிடுங்கள்.

நின்றுபோனால் கழிவுத் தாளில் வட்டம் வட்டமாகக் கிறுக்குங்கள். மெழுகுப் பென்சில் மேல் எழுதும்போது பேனாவின் குண்டில் மெழுகு ஒட்டி அடைத்துக்கொள்ளும். டிஷ்யூவில் துடைத்தால் திரும்ப ஓடும். அதனால்தான் வெள்ளைப் புள்ளி எப்போதும் கடைசி வேலை.

## மழைக்காலத்தில் பக்கம் அலையடிக்கிறது, ஓட்டை விழுகிறது

அலையடித்த பக்கத்தை இஸ்திரி போடாதீர்கள். மெழுகு உருகித் தேவதை முகம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இடையில் வெள்ளைத் தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

ஒழுங்கற்ற சின்ன ஓட்டைகளும், மேல்பக்கம் சுரண்டிய தடமும் இருந்தால் இராமபாணப் பூச்சி. தாளில் உள்ள மாவுச்சத்தும் பசையும் அதற்கு விருந்து. அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்து, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மயிர்போல எழும்பிய சாம்பல் அல்லது கறுப்புப் புள்ளி என்றால் அது பூஞ்சணம். அந்தப் பக்கத்தை மட்டும் வெளியே கொண்டுபோய்க் கிழித்துவிடுங்கள். வீட்டுக்குள் தட்டாதீர்கள். புத்தகம் முழுக்கப் பரவியிருந்தால் காப்பாற்ற முனைவது வீண்.

## நடுமடிப்பில் பென்சில் நுழையவில்லை

விரித்து அழுத்தினால் ஒட்டிய முதுகு வெடித்துப் பக்கங்கள் கழன்று விழும். ஸ்பைரல் போடும் கடைக்குக் கொண்டுபோவதே சரி, அதையும் தீட்ட ஆரம்பிக்கும் முன்பே செய்யுங்கள். முதுகை வெட்டும்போது ஓரத்தில் சில மில்லிமீட்டர் போகும். படம் மடிப்பு வரை நீண்டிருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம் என்றால் வெட்டவே கூடாது.

## கண் வலிக்கிறது, கட்டைவிரல் மரத்துப்போகிறது

பனித்துளியும் பூவிதழும் அரிசியளவில் இருக்கும் புத்தகம் இது. புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் தெளிவாகிறதா? நாற்பதைத் தாண்டியிருந்தால் வெள்ளெழுத்தாக இருக்கலாம். கண் பரிசோதித்துக் கண்ணாடி வாங்குங்கள். தெரிந்தவர் கண்ணாடியை இரவல் போடாதீர்கள். தள்ளிப் பிடித்தும் மங்கினால் விளக்கைப் பாருங்கள். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும், இல்லையென்றால் கை நிழலே படத்தில் விழும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தூரத்தில் எதையாவது பாருங்கள். எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்காரும் காக்கை. திடீரென்று பார்வை மங்கினாலோ மின்னல்போல ஒளி தெரிந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவர்.

விரலுக்கு: பென்சிலை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். ரப்பர் பேண்டைச் சுற்றிப் பென்சிலைத் தடிமனாக்குங்கள், அரைமணி நேரத்தில் நிறுத்துங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து, ராத்திரித் தூக்கத்தில் எழுப்பினால் இந்தக் கட்டுரை உதவாது. மருத்துவரிடம் காட்டுங்கள்.

## சட்டம் போட்டு மாட்டிய படம் வெளுத்துவிட்டது

ஜன்னல் வெயில். நியான் ரோஜாவும் சில ஊதாவும்தான் முதலில் ஓடும், இந்தப் புத்தகத்தில் நாம் அதிகம் தொடுவதும் அவற்றையே. வெளுத்தது திரும்பாது. அடுத்ததைத் தொடங்கும் முன் பென்சில் உடலைப் பாருங்கள்: ஃபேபர்-காஸ்டெல் பாலிக்ரோமோஸ் போன்ற ஓவியர் பென்சில்களில் நட்சத்திரக் குறி இருக்கும், மூன்று இருந்தால் ஒளியை நன்றாகத் தாங்கும். மாட்ட நினைக்கும் படத்துக்கு மட்டும் அந்தப் பென்சிலை உதிரியாக வாங்கலாம். மற்றவை புத்தகத்துக்குள் மூடியே இருக்கும், எந்தப் பென்சிலும் போதும்.

## பாதியில் வெறுத்துவிட்டது

காடு முழுக்க நிறைந்த பெரிய பக்கத்தை முதலில் தொட்டிருப்பீர்கள். இலை தீட்டி இலை தீட்டித் தேவதையிடம் போய்ச் சேர்வதற்குள் பொறுமை போய்விடும். அதை அப்படியே விட்டு, ஒற்றைத் தேவதை உள்ள பக்கத்தை மூன்றே நிறத்தில் முடியுங்கள். காட்டை ஒரு உட்காரலுக்கு உள்ளங்கையளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## குழந்தை கிறுக்கிவிட்டது

மெழுகு கிரேயானா? மழுங்கின பிளேடால் பெரும்பகுதியைச் சுரண்டிவிடலாம். ஸ்கெட்ச் பேனாவா? போகாது. ரப்பரால் தேய்த்தால் தாள் கிழியும். அந்தக் கோட்டைக் கூந்தலாகவோ கொடியாகவோ மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் புத்தகத்தில் குளத்தங்கரைத் தேவதைக்கு மீசையே முளைத்துவிட்டது, பளிச்சென்ற பச்சையில். எதுவும் செய்யமுடியாமல், இறக்கைக்கும் அதே பச்சையைக் கொடுத்துப் பொருத்திவிட்டேன்.